சனிக்கிழமை டாக்டர்

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போய்விட்டு வந்து சேலையை மடித்து வைத்தேன். மத்தியானம் கோழிக் குழம்பு என்று பேர். கரண்டியை விட்டுத் துழாவியதில் ஒரு கழுத்து கிடைத்தது.

இந்த இல்லத்துக்கு வந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக ஆயுசு முழுக்க விசில் ஊதிவிட்டு, இப்போது மணியடித்தால் சாப்பிடப் போகிற பிள்ளையாகிவிட்டேன். வருத்தம் ஒன்றும் இல்லை. யாரும் கொண்டுவந்து விடவில்லை, நானேதான் வந்தேன். மகன் ஜெபசிங் பெங்களூரில் இருக்கிறான். அவன் வீட்டில் யாரும் நான் சொல்லும் நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை.

அறையில் கூட இருப்பவள் செங்கமலம். சாத்தூர்க்காரி, என் வயதுதான். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். தம்பி மகன் சென்னையிலிருந்து அவளுக்கான பணத்தைக் கட்டுகிறான். அவளுக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும், நடை சின்னச் சின்ன எட்டாக இருக்கும். ஆனால் மூன்று வேளை மாத்திரை உள்ளே போய்விட்டால் ஆள் ஓடியாடுவாள். நேற்றுகூட வாசலில் உட்கார்ந்து துளசி மாலை கட்டினாள்.

அறையில் பாதி பெருமாளுக்கு, பாதி எனக்கு. விடிந்ததும் அவள் பாசுரம் சொல்வாள், நான் பைபிளில் சங்கீதம் வாசிப்பேன். என் குரல்தான் பெரிது.

மாத்திரை விஷயத்தில் இங்கே குறை சொல்வதற்கில்லை. சாப்பாட்டு மேஜையில்தான் கொடுப்பார்கள். மாரிச்செல்வி என்ற பிள்ளை பெட்டியோடு வந்து, நாம் சாப்பிட்டு முடித்த பிறகு கையில் மாத்திரையை வைத்து, வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். என் பிரஷர் மாத்திரையும் அப்படித்தான் போகிறது.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமையாம். செங்கமலம் விடியுமுன்பே தலைக்குக் குளித்து, பாதி நடுங்கி பாதி நேராக ஒரு நாமம் இட்டுக்கொண்டு, பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பகல் முழுக்கச் சாப்பாடு கிடையாது. துளசித் தீர்த்தம் மட்டும். ராத்திரி பலகாரம்.

நான் காலையில் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு என் நைட்டி இரண்டையும் துவைத்துப் போட்டேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். டாக்டர் நைனா முகமது, மேலப்பாளையம். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து கூடத்தில் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போவார். தங்கமான மனிதர், ஆனால் நிற்க நேரமில்லாத தங்கம். மேனேஜர் திருவேங்கடம் அவரோடு ஒட்டிக்கொண்டே வருவார். நாம் வாயைத் திறப்பதற்குள் நமக்கு என்ன வியாதி என்று அவரே சொல்லி முடித்துவிடுவார். டாக்டரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது இங்கே ஒரு சட்டம்.

செங்கமலத்தை இரண்டு பேர் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. உடம்பு கட்டைபோல இறுகிவிட்டது. முகத்தில் ஒரு அசைவு இல்லை. டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேன் டாக்டர் என்றாள். அவள் எப்போதும் சொல்வது அது ஒன்றுதான். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

செங்கமலம் சாம்பார்க் கிண்ணத்தை என் மடியில் கவிழ்த்தாள். துவைத்த நைட்டியை மறுபடி துவைத்தேன்.

கை நடுங்கிக் கொட்டவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. நடுக்கமே இல்லை. தோளும் கழுத்தும் தானாக வளைந்து வளைந்து ஆடுகின்றன, கரகம் ஆடுகிறவள் மாதிரி. நிறுத்துங்க என்றேன். நிறுத்த முடிந்தால் நிறுத்தமாட்டேனா என்றாள்.

செப்டம்பர் 27, சனி

இரண்டாவது சனி. மறுபடி நாமம், மறுபடி பட்டினி, மறுபடி சாயங்காலம் கட்டை. டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. இருந்த மாத்திரையை இன்னும் கூட்டி, புதிதாக ஒன்றும் சேர்த்தார். வியாதி வேகமாக ஏறுகிறது என்று மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்வது எனக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெபசிங் கூப்பிடவில்லை. வேலை இருக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மேனேஜர் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் சந்தனம் வைத்தார். எனக்கும் பொரி கடலை வந்தது. பல்லுக்கு ஆகாது என்றாலும் தின்றேன்.

அறைக்குத் திரும்பினால் செங்கமலம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கிறாள். நெற்றியில் ரத்தம். எழுந்து நின்றபோது தலை சுற்றியதாம். ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டேன். அலமாரிப் பக்கம் இரண்டு சின்னப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள், பொரி கொடுக்க எழுந்தேன் என்றாள். இந்தக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளே கிடையாது.

எனக்குப் பயமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று சொல்லி மருந்து போட்டுவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

மேனேஜர் என்னை அழைத்து வேறு அறைத்தோழி பார்த்துத் தருவதாகச் சொன்னார். செங்கமலத்தைப் பின்கட்டடத்து மாடிக்கு மாற்றப் போகிறார்களாம். படுக்கைப் பிரிவு. தம்பி மகனிடம் போனில் பேசிவிட்டார், அவன் சரி என்றுவிட்டான். டாக்டர் கையெழுத்து வேண்டும். பதினொன்றாம் தேதி சனிக்கிழமை அது நடந்துவிடும் என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது டீச்சர் என்று கேட்டார்.

மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. அங்கே போன யாரும் இதுவரை கீழே இறங்கி வந்ததில்லை என்று துடைக்கிற அம்மா சொன்னாள்.

அவள் போனால் எனக்கு அறை தாராளமாக இருக்கும். காற்றாடியை என் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இருந்தாலும் போன மாதம் மாலை கட்டிக்கொண்டிருந்தவள் இந்த மாதம் கம்பித் தடுப்புக்குள் போவது என்ன கணக்கு என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன். டாக்டரிடம் நானே பேசப் போகிறேன்.

அக்டோபர் 4, சனி

பேசினேன். கெடுத்துக்கொண்டேன்.

டாக்டர் செங்கமலத்திடம் வந்ததும் சட்டம் கிட்டம் பார்க்காமல் எழுந்து, இந்த மாத்திரை இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். டாக்டர் பொறுமையாக, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒரே நேரத்தில் எல்லாம் வாய்க்கு வந்தது. சாம்பார், ஆட்டம், பொரி, பிள்ளைகள், மாடி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியிலேயே அவர் பார்வை, கட்டையாக உட்கார்ந்திருந்த செங்கமலத்தின் பக்கம் போய்விட்டது. ஆடுகிறாள் என்று நான் சொல்கிறேன், அவர் முன்னால் இருப்பவளோ சுண்டு விரலைக்கூட அசைக்கவில்லை. என்னைப் பைத்தியம் என்று நினைக்காததே பெரிது.

மேனேஜரிடம் ஒன்று கேட்டார். மாத்திரை எதுவும் தவறுகிறதா என்று. மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, இங்கே ஒன்றுகூடத் தவறாது டாக்டர் என்றார். செங்கமலத்திடமும் கேட்டார். எல்லாம் சரியாப் போடறேன் டாக்டர், நல்லா இருக்கேன் என்றாள். அப்புறம் அவர் யாரை நம்புவார். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மாடிக்கு மாற்றுவதைப் பற்றி முடிவு சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அறைக்கு வந்து செங்கமலத்தை நன்றாகத் திட்டினேன். கட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு நல்லா இருக்கேன் என்று சொல்ல வெட்கமாக இல்லையா என்றேன். டாக்டர்கிட்ட எதுக்கு டீச்சர் குறை சொல்லணும், அவரும் பாவம் எவ்வளவு பேரைப் பார்க்கிறார் என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து கரக ஆட்டம். நான்தான் ஊட்டிவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் தப்பு என் பேச்சில்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். விளையாட்டு மைதானத்தில் நடுவராக நிற்கிறவள் அபிப்பிராயம் சொல்வதில்லை, கண்ணால் கண்டதைச் சொல்வாள். நான் கண்டது என்ன? சனிக்கிழமை கட்டை. மற்ற நாளெல்லாம் ஆட்டம். சனிக்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது?

பட்டினி இருப்பதால்தான் சோர்வு என்று வைத்துக்கொண்டாலும், பட்டினி கிடந்தால் ஆள் துவண்டு போவாள், இறுகமாட்டாள். நோன்பு நாளில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபசிங் கூப்பிட்டான். உடம்பு எப்படி என்று கேட்டான். நல்லா இருக்கேன் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் சாப்பிடவில்லை. வயிறு கொஞ்சம் மந்தமாக இருந்தது. மணியடித்ததும் சும்மா போய் மேஜையில் தண்ணீர்த் தம்ளரோடு உட்கார்ந்தேன். மாரிச்செல்வி பெட்டியோடு வந்தாள். எனக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கொடுத்தாள், அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கொடுத்தாள், என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டு, என் பிரஷர் மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"நீங்கதான் சாப்பிடலியே டீச்சர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமா? சாப்பிடாதவங்களுக்கு மாத்திரை கொடுக்கக்கூடாதுல்லா. வெறும் வயித்துல போட்டா குடலைப் புடுங்கிரும்."

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள், நானும் என் மகனுக்கு அதைத்தான் சொன்னேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்பது நம் ஊரில் பால் குடிக்கும்போதே ஊட்டப்படுகிற பாடம். சரிதான் என்று தம்ளரை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

சனிக்கிழமை செங்கமலத்துக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அவங்க விரதம்லா டீச்சர், காலை மாத்திரையையும் மத்தியான மாத்திரையையும் பெட்டியிலேயே வச்சிருவேன், ராத்திரி பலகாரம் சாப்பிட்ட பிறகு ராத்திரி மாத்திரையைக் குடுத்திருவேன் என்றாள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மேனேஜருக்கும் தெரியுமாம். விரதக்காரர்களுக்கு அப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் அது தவறுவதில் சேராது. அதனால்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

நான் எவ்வளவு பெரிய மடச்சி. சனிக்கிழமைகளில் நான் சாப்பிடப் போயிருக்கும்போது அவளுக்கு மாத்திரை அறைக்கே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முட்டி அனுமதித்த அளவுக்கு. செங்கமலத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வாரம் முழுக்க மாத்திரை போடுகிறீர்கள், டாக்டர் வருகிற நாளில் மட்டும் போடுவதில்லை, அவர் உங்கள் மோசமான நாளை மட்டுமே பார்த்துவிட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார், கூட்டினதெல்லாம் மற்ற நாளில் சேர்ந்துகொண்டு உங்களை ஆட்டுகிறது, தள்ளிவிடுகிறது, இல்லாத பிள்ளைகளைக் காட்டுகிறது என்றேன். அவள் ஆடுகிற தோளை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிராதீங்க டீச்சர். விரதத்தை விடச் சொல்லிருவார். சின்னப் புள்ளையில பிடிச்சது, அம்மா செத்த வருஷம்கூட விட்டதில்ல."

மாடிக்குப் போனால் மட்டும் யார் உங்களை விரதம் இருக்க விடுவார்கள் என்று கேட்டேன். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றாள். பெருமாள் பார்க்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும் என்றேன். எனக்குக் கோபம் வந்தது. கோபமாகவே வெளியே வந்துவிட்டேன்.

மேனேஜரிடம் டாக்டர் நம்பரைக் கேட்டேன். நாளைக்குத்தான் வருகிறாரே, என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றார். நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடி அவள் கட்டையாக இருப்பாள், மறுபடி நல்லா இருக்கேன் என்பாள், மேனேஜர் மறுபடி தவறாது என்பார், கையெழுத்து விழுந்துவிடும். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. ஒரு பல்லும் ஆடுகிறது, முழுப் பொய் இல்லை.

மேலப்பாளையத்தில் டாக்டருடைய கிளினிக்கில் நல்ல கூட்டம். நோயாளியோடு வராதவர்களை உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் இருந்த பெண் சொன்னாள். நானே நோயாளிதான் என்று டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். போன வாரம் மாதிரி கொட்டக்கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். மொத்தம் இரண்டே வாக்கியம். ஆட்டோவிலும் பெஞ்சிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நான் கலிமா ஓதுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

என்னைப் பார்த்ததும் டாக்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் கொஞ்சம் சலிப்பும் தெரிந்தது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நீங்க செங்கமலத்தைச் சனிக்கிழமை மட்டும்தான் பாக்கீங்க. சனிக்கிழமை மட்டும்தான் அவ மாத்திரை போடுறதில்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். ஏன் என்று கேட்டார். விரதம் என்றேன். சாப்பிடாதவர்களுக்கு அங்கே மாத்திரை கிடையாது என்றேன்.

"நோன்பா?" என்றார்.

பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். எப்போதிலிருந்து, எந்தெந்த வேளை, மற்ற நாளில் எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை நான் கண்டதை மட்டும் சொன்னேன். கூட்டிய பிறகு எந்த நாளில் ஆட்டம் தொடங்கியது, எழுந்ததும் விழுந்தது, பிள்ளைகள் தெரிந்தது எல்லாம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் வாசலைப் பார்க்கவே இல்லை.

"ரம்ஜான் மாசம் பூரா இந்த நாற்காலியில உக்காந்து எல்லாருக்கும் மாத்திரை நேரத்தை மாத்தி எழுதுறதுதாம்மா எனக்கு வேலை. விடியுமுன்ன சஹருக்கு இது, நோன்பு திறந்த பிறகு அதுன்னு. அங்க வந்து மாத்திரை தவறுதான்னு கேட்டேன். விரதம் உண்டான்னு கேக்கத் தோணலையே எனக்கு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் என் கோபம் எல்லாம் இறங்கிவிட்டது.

அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய கூத்து. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் தண்ணீரோடு போடுவதே நல்லதாம். பருப்பும் பாலும் கூடச் சேர்ந்தால் சரியாக ஏறாதாம். சீட்டில் மூன்று வேளை என்று மட்டும் எழுதினேன், எப்போது என்று எழுதவில்லை என்றார். குமட்டல் வந்தால் மட்டும் ஒரு பிஸ்கட் கொடுத்தால் போதும். விரதத்தில் அவர் தண்ணீர் குடிப்பாரா என்று கேட்டார். தீர்த்தம் குடிப்பாள் என்றேன். அப்படியென்றால் அவர் விரதத்தை விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம் என்றார். புதிய மாத்திரையை இன்றோடு நிறுத்தலாம், கூட்டியதை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்போம் என்று சொல்லி, என் எதிரிலேயே மேனேஜருக்கும் போன் செய்தார்.

கிளம்பப் போனவளை நிறுத்தி, டோக்கன் போட்டுவிட்டீர்களே என்று என் பிரஷரைப் பார்த்தார். எகிறிக் கிடந்தது. இன்று மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது மேனேஜர் வாசலிலேயே நின்றார். என்னை மீறிப் போயிட்டீங்களே டீச்சர் என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 11, சனி

இன்று கடைசிச் சனி.

விடிந்ததும் மாரிச்செல்வி மாத்திரையும் தண்ணீருமாக அறைக்கே வந்துவிட்டாள். செங்கமலம் குளித்து நாமம் இட்டு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் விரதத்தை விடச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் போதும் என்றார், இது சாப்பாட்டில் சேராது என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லாதீங்கன்னு கையைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். நீங்க போய்ச் சொல்லிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

அவள் கோபம் நியாயம்தான். ஆனால் மறுபடி அந்த நிலைமை வந்தால் நான் மறுபடி ஆட்டோதான் பிடிப்பேன்.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வற்புறுத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நான் வேதக்காரி, இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. கடைசியில் அவளே அந்த மாத்திரையைப் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு துளசி இலைமேல் வைத்தாள். கண்ணை மூடி ஏதோ கேட்டாள். என்ன பதில் கிடைத்ததோ, தீர்த்தத்தைக் கையில் வாங்கி, அதோடு சேர்த்து மாத்திரையையும் விழுங்கினாள். மாரிச்செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மத்தியானமும் அப்படியே நடந்தது.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். கூடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் மாடிக்கு மாற்றும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். செங்கமலத்தின் முறை வந்ததும் மாரிச்செல்வி பிடிக்கப் போனாள். அவள் வேண்டாம் என்று சொல்லி, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, சின்னச் சின்ன எட்டாக டாக்டர் முன்னால் நடந்து போனாள். தோள் லேசாக ஆடியது. விழவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லா இல்ல டாக்டர்" என்றாள் செங்கமலம்.

நிதானமாகச் சொன்னாள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் தோள் ஆடுகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, பிள்ளைகள் தெரிகிறார்கள், அவர்கள் நிஜமில்லை என்று தெரிந்தும் பேசிவிடுகிறேன், சனிக்கிழமை விரதத்தில் மாத்திரை போடாமல் இருந்தேன், உங்களிடம் சொல்லப் பயந்தேன் என்று ஒன்றையும் விடவில்லை. மேனேஜர் குறுக்கே பேச வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, இவர் தன் அறையிலேயே இருக்கட்டும், அளவு குறைந்ததும் எல்லாம் சரியாகிவரும், மாடிக்குப் போகத் தேவையில்லை என்றார். மேனேஜர் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

டாக்டர் அதோடு விடவில்லை. எழுந்து நின்று, கூடத்தில் இருந்த எல்லோரையும் பார்த்து, விரதம் என்று சொல்லி எந்த நாளிலாவது மாத்திரை போடாமல் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள், நான் யாருடைய விரதத்தையும் நிறுத்தமாட்டேன், நேரத்தை மட்டும் மாற்றி எழுதித் தருகிறேன் என்றார்.

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது செங்கமலத்தின் கைதான். அதைப் பார்த்து ஆவுடையம்மாள் தூக்கினாள், அவளுக்குச் சஷ்டியும் கிருத்திகையும். தாணுலிங்கம் ஐயா தூக்கினார், அவருக்குத் திங்கள்கிழமை. பிறகு முன்வரிசையில் இரண்டு, பின்வரிசையில் மூன்று என்று கைகள் எழுந்துகொண்டே இருந்தன. டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். கடைசியில், நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தோள் உயரத்துக்கு மட்டும், மேனேஜர் திருவேங்கடமும் கையைத் தூக்கினார். அவருக்குச் சர்க்கரையாம். புரட்டாசிச் சனி முழுக்க அவரும் மாத்திரை போடவில்லையாம். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நடுவர் உண்மையை மறைக்கக்கூடாது, நேற்று வயிறு மந்தம் என்று எழுதியது உண்மை இல்லை. நானும் கையைத் தூக்கினேன்.

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து பேசாதவள் அப்போதுதான் என்னிடம் பேசினாள். நீங்க எதுக்கு டீச்சர் கையைத் தூக்கறீங்க என்று கேட்டாள். நேத்து நானும் சாப்பிடல என்றேன். யாருக்காக என்றாள்.

டாக்டர் முன்னால், மேனேஜர் முன்னால், அத்தனை பேர் முன்னால் அதற்கு நான் என்ன சொல்ல. தரையைப் பார்த்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. மெதுவாக நடந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தூக்கியபடியே இருந்த என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"இனிமே எனக்காக உபவாசம் இருந்தா, மாத்திரையைப் போட்டுட்டு இருங்க."